நோட்டில் இருந்த சொர்ணலட்சுமி

வேலை கிடைத்த செய்தியைச் சொன்னபோது அக்தர் பேகத்தின் அத்தா சம்பளத்தைக் கேட்கவில்லை. பணம் எந்த நாட்டிலிருந்து வருகிறது என்று கேட்டார்.

"அமெரிக்கா கவர்மென்டு" என்றாள்.

அத்தா பீர் முகைதீன் விருதுநகர் பஜாரில் முப்பது வருடம் மிளகாய் வத்தல் வியாபாரம் செய்தவர். மூட்டைக்குள் முழங்கை வரை விட்டு அடி வத்தலை எடுத்துப் பார்க்காமல் எதையும் வாங்கியதில்லை.

"நம்ம தெருச் சாக்கடை அடைச்சு ஆறு மாசம் ஆச்சு. அதுக்கு எந்த நாட்டுக்காரனும் வரலை. இங்கன ஒருத்தி எத்தனை பெறணும்னு சொல்ல மட்டும் கடல் தாண்டி காசு வருதாக்கும்."

"எனக்குச் சொல்ல இல்லத்தா. நான் மத்தவங்களுக்குச் சொல்லணும்."

"அது இன்னும் மோசம்லா."

அவருக்குச் சில ஞாபகங்கள் இருந்தன. அறுபதுகளில் ரேஷன் கடைக்குக் கோதுமை வந்தது. சாக்கில் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும் படம் இருக்கும். அந்தக் கோதுமை சும்மா வரவில்லை, பிள்ளைகளைக் குறைக்கச் சொல்லித்தான் வருகிறது என்று பஜாரில் அப்போதே பேசிக்கொண்டார்கள். எழுபத்தாறில் ஆம்பளைகளை வேனில் ஏற்றி ஆபரேஷனுக்குக் கொண்டுபோகிறார்கள் என்று ஒரு பேச்சு வந்தது. அவர் இரண்டு நாள் வத்தல் குடோனுக்குள் ஒளிந்திருந்தார். யாரும் தேடி வரவில்லை. "ரெண்டு நாளு தும்மாம இருந்தேன் பாரு, அதான் பெருசு" என்பார்.

வேலை கிடைத்தது இரண்டாயிரத்தில். அக்தர் பேகத்துக்கு வயது முப்பத்திரண்டு. பி.ஏ. வரலாறு. கணவன் நவ்ஷாத் தம்மாமில் இருந்தான். இரண்டு வருடம் கடிதம் வந்தது, பிறகு நின்றுபோனது. மகள் தஹ்மீனா ஆறாம் வகுப்பு. அத்தா வீட்டு மாடியில் இருவரும் இருந்தார்கள். கீழே சாப்பாட்டுக்கு உட்காரும்போது யாரும் எதுவும் சொல்லவில்லை. அதுதான் அவளை வேலைக்கு அனுப்பியது.

வேலை கொடுத்தது நல்வாழ்வு மையம் என்ற தொண்டு நிறுவனம். ஓர் எண்ணெய்க் கடையின் மேல்மாடி. படிவங்களில்கூட நல்லெண்ணெய் வாசனை இருந்தது. பொறுப்பாளர் சீனிவாசகம், ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர். அவளுக்கு ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பன்னிரண்டு பட்டாசுக் கம்பெனிகளை ஒதுக்கினார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் போக வேண்டும். வேலை அறைகளுக்கு வெகு தள்ளி, வேப்பமரத்தடியில் பெண்கள் தூக்குவாளியைத் திறக்கும்போது படச் சுருளை விரித்துப் பேச வேண்டும். மாத்திரை, உறை, காப்பர் டி, ஆபரேஷன். பிறகு பதிவேட்டைத் திறந்து பெயர், வயது, மதம், குழந்தைகள், என்ன முறை என்று எழுத வேண்டும். மாதக் கடைசியில் அந்த எண்கள் சென்னைக்குப் போகும். அங்கிருந்து டெல்லி. அங்கிருந்து அந்த நாடு.

"மதம் எதுக்கு சார்?" என்று முதல் வாரமே கேட்டாள்.

"படிவத்துல கட்டம் இருக்கும்மா. கட்டம் இருந்தா நிரப்பணும்."

"கட்டத்தைப் போட்டவங்களுக்கு எதுக்கு?"

"நீங்க வத்தல் வியாபாரி மகள்ங்கிறதை மறந்துட்டேன்" என்றார் சீனிவாசகம்.

எழுதிக் காட்டச் சொன்னபோது முதல் வரியில் தன்னையே எழுதினாள். முஸ்லிம். ஒன்று. தன் வீட்டுத் தொட்டில் ஒரு தாளில் ஏறிக் கப்பலுக்குப் போவதுபோல் இருந்தது. ஆனாலும் அடுத்த வரியை எழுதினாள்.

கம்பெனிகளில் நோட்டோடு வருகிறவரை யாரும் நம்புவதில்லை. லைசென்ஸ்படி ஓர் அறைக்கு நான்கு பேர். சீசனில் ஏழு பேர் இருப்பார்கள். அதிகாரி வரும் ஜீப் தெரிந்ததும் மூன்று பேர் சீமைக்கருவேலங் காட்டுக்குள் போய்விடுவார்கள். மிச்சமிருப்பவர்கள் வருகைப் பதிவேட்டில் உள்ள நான்கு பெயர்களைச் சொல்வார்கள். பதிவேட்டுப் பெண் வேலையை விட்டுப் போயிருந்தாலும் பெயர் போகாது. அடுத்து வருகிறவள் அந்தப் பெயருக்குள் வந்துவிடுவாள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் வெடியில் திரி செருகச் சொல்லித்தருவதற்கு முன்னால் போர்மேன் அதைத்தான் சொல்லித்தருவார். நோட்டு வச்சிருக்கவன் எவன் கேட்டாலும் இந்தப் பேரு. வீட்டுப் பேரு வீட்டுக்கு.

அக்தர் பேகத்துக்கு இது தெரியாது. அவளிடம் யாரும் சொல்லவில்லை. அவளும் நோட்டு வைத்திருந்தாள்.

அடுத்த வருடம் ஜனவரியில் அந்த நாட்டில் தலைவர் மாறினார். வந்ததும் ஓர் உத்தரவில் கையெழுத்திட்டார். தங்கள் குடும்பக்கட்டுப்பாட்டுப் பணத்தை வாங்கும் எந்த வெளிநாட்டு நிறுவனமும் கருக்கலைப்பைச் செய்யக் கூடாது, அதற்கு ஊக்கம் தரும்படி பேசவும் கூடாது. வேறு யாருடைய பணத்தில் செய்தாலும் கூடாது. உத்தரவு விருதுநகருக்கு வந்துசேர நான்கு மாதம் ஆனது. மே மாதம் ஒரு சனிக்கிழமை சீனிவாசகம் எட்டுக் களப்பணியாளர்களையும் உட்கார வைத்து, ஆங்கிலத்தில் ஒரு கட்டுத் தாளைத் தூக்கிக் காட்டினார்.

"இதுல இருக்கிறதை ஒரே வார்த்தையில சொல்றேன். கலைக்கிறதைப் பத்தி யார் கேட்டாலும், தெரியாது."

"நம்ம நாட்டுல அது சட்டப்படி சரிதான சார்?" என்றாள் அக்தர் பேகம். "எழுபத்தொண்ணுலயே சட்டம் வந்துருச்சே."

"நம்ம நாட்டுல சரி. நம்ம ஆபீசுல தப்பு."

"இத்தனை நாளு பிள்ளை வேண்டாம்னு சொல்லச் சொன்னாங்க. இப்ப வேண்டாம்னு வர்றவகிட்ட வாயைத் திறக்கக் கூடாதா?"

"அவங்க ஓட்டு அவங்க ஊர்லம்மா. நம்ம ஊர்ல வேலை."

பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார். சோதிப்பதற்கு ஆள் அனுப்புவார்களாம். கர்ப்பிணி மாதிரி வந்து கேட்பார்களாம். மதுரைப் பக்கம் ஒருத்திக்கு வேலை போய்விட்டதாகக் கேள்வி. எப்படிக் கேட்பார்கள் என்று அவரே நடித்துக் காட்டினார். தோளில் கிடந்த துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, மெல்லிய குரலில், "நான் முழுகாம இருக்கேன். வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன். எங்கன போகணும்னு மட்டும் சொல்லுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அக்தர் பேகமும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கையெழுத்திட்டாள்.

அத்தாவிடம் சொன்னாள். அவர் வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார்.

"அப்பம் புள்ள பெறாதன்னு சொல்லவும் அவன்தான், பெத்தே தீரணும்னு சொல்லவும் அவன்தான். இனிமே உன்கிட்ட எவளாவது கேள்வி கேட்டா, கேக்குறது யாருன்னு பாரு தாயி."

அன்றிலிருந்து அவள் கேட்கிறவர்களைப் பார்க்க ஆரம்பித்தாள். புதுச் செருப்பு போட்டிருந்தவளைச் சந்தேகப்பட்டாள். திருத்தமாகப் பேசியவளைச் சந்தேகப்பட்டாள். படச் சுருளை விரிக்கும்போது கூட்டத்தின் கடைசியில் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தவளை, அவளுக்கு அன்று சாப்பாடு இல்லை என்று தெரிந்துகொள்ளும்வரை, சந்தேகப்பட்டாள்.

ஆகஸ்டில் தீபாவளி ஆர்டர் உச்சத்தில் இருந்தது. காளிராஜ் என்பவரின் கம்பெனியில் சாப்பாட்டு நேரம் பதினைந்து நிமிடமாகச் சுருங்கியிருந்தது. பெண்கள் முகத்தில் பட்டாசு மருந்தில் சேர்க்கும் வெள்ளிப் பொடி அப்பியிருந்தது. தலையிலும் நெற்றியிலும் துணி. கண்ணும் பல்லும்தான் தெரியும். எல்லோரும் போன பிறகு ஒருத்தி மட்டும் நின்றாள்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"முழுகாம இருக்கேன். ரெண்டு மாசம் தாண்டிருச்சு. எனக்கு வேண்டாம். முடிவு பண்ணிட்டேன். மூணாவதுலயே உசிரு போயித் திரும்பி வந்துச்சு. இனிப் பெத்தா தாங்காதுன்னு டாக்டரு சொல்லிட்டாக. எங்கன போனா பண்ணுவாகன்னு மட்டும் சொல்லுங்க. போலீசுக்குச் சொல்லாத எடமா."

அக்தர் பேகத்துக்குத் துண்டைத் தலையில் போட்ட சீனிவாசகம் ஞாபகத்துக்கு வந்தார். அதே சொற்கள். முடிவு பண்ணிட்டேன். எங்கன என்று மட்டும். அவள் பதிவேட்டைத் திறந்தாள்.

"பேரு?"

அந்தப் பெண் ஒரு கணம் தயங்கினாள். "சொர்ணலட்சுமி."

அந்தத் தயக்கத்தையும் பார்த்துக்கொண்டாள். விரலால் வரிசையைத் தேடினாள். காளிராஜ் கம்பெனி, ஏழாம் அறை, சொர்ணலட்சுமி, வயது முப்பத்தொன்று, இந்து, குழந்தைகள் இரண்டு. முறை: ஆபரேஷன், தொண்ணூற்றெட்டில். அவள் கையெழுத்தேதான். போன வருடம் எழுதியது.

மூன்று வருடத்துக்கு முன் ஆபரேஷன் செய்துகொண்டவள் இரண்டு மாதம் என்கிறாள். இரண்டு பெற்றவள் மூன்றாவதைப் பற்றிப் பேசுகிறாள். அத்தா மூட்டையின் அடியிலிருந்து கைநிறைய மண்ணோடு வத்தலை எடுத்தபோது அவர் முகம் எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். தன் முகமும் அப்படி ஆவதை உணர்ந்தாள்.

"எனக்குத் தெரியாது" என்றாள்.

"டீச்சர், நீங்க படிச்சவுக..."

"அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. எங்க ஆபீஸ் அதைப் பத்திப் பேசுறதில்லை."

அவள் நின்றாள். பிறகு முந்தானையை இறுக்கிக்கொண்டு ஏழாம் அறைப் பக்கம் போனாள். அக்தர் பேகம் பஸ்ஸில் வரும்போது, தப்பித்தோம் என்று நினைத்தாள். இவ்வளவு தூரம், வெள்ளிப் பொடி பூசி ஆள் அனுப்பியிருக்கிறார்களே என்று வியந்தாள். அன்றிரவு நன்றாகத் தூங்கினாள். பின்னாட்களில் அவளுக்கு எல்லாவற்றையும்விட அந்தத் தூக்கம்தான் உறுத்தியது.

இரண்டு வாரம் கழித்து மறுபடி போனபோது வாசலில் போர்மேன் கருப்பணன் நின்றிருந்தார்.

"இன்னைக்குக் கூட்டமெல்லாம் வேண்டாம் டீச்சர். ஏழாம் ரூம்ல ஆள் குறைச்சல். சொர்ணலட்சுமி ஆஸ்பத்திரியில கெடக்கா."

"என்ன ஆச்சு?"

"பொம்பளை சமாச்சாரம். கெழக்கே ஏதோ ஒரு ஊர்ல ஒரு கெழவிகிட்ட போயிருக்கா. அந்தக் கெழவி என்னத்தைச் செஞ்சாளோ, ரத்தம் நிக்கலை. வேன்லயே மயங்கிட்டா."

"அவ ஆபரேஷன் பண்ணுனவள்லா? எங்க நோட்டுல இருக்கே."

கருப்பணன் அவளைப் பார்த்தார். பிறகு அங்குமிங்கும் பார்த்தார். சிரிப்பு வந்து, அடக்கிக்கொண்டார்.

"பேரு பண்ணிருக்கு டீச்சர். ஆளு பண்ணலை."

"புரியலை."

"ஆபரேஷன் பண்ணுனவ சிவகாசிக்கு அச்சாபீஸ் வேலைக்குப் போயி எட்டு மாசமாச்சு. பேரு இங்கன இருக்கு. இப்ப இருக்கிறவ ஆவுடைத்தாய். லோடுமேன் சுடலை பொஞ்சாதி. இதை நீங்க எங்கயும் எழுதிரப்பிடாது. இத்தனை மாசமா வர்றீக, இதுகூடத் தெரியாதா?"

அவள் அங்கேயே வேலிக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் வேண்டுமா என்று கருப்பணன் கேட்டார். வேண்டாம் என்றாள்.

பெரியாஸ்பத்திரியில் ஆவுடைத்தாய்க்கு வெள்ளிப் பொடி இல்லாத முகம் இருந்தது. அக்தர் பேகம் அந்த முகத்தை முதல் தடவையாகப் பார்த்தாள். இருபத்தெட்டு வயதிருக்கும். உதடு வெளுத்திருந்தது. கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். கட்டில் காலருகே பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி செம்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க டீச்சர்" என்றாள் ஆவுடைத்தாய். "நோட்டு கொண்டாந்திருக்கீகளா?"

"இல்லை."

"அப்பம் உக்காருங்க."

அக்தர் பேகம் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"ஆபீஸ்ல இருந்து என்னையச் சோதிக்க அனுப்புன ஆளுன்னு நெனைச்சுட்டேன்."

"என்னையவா?" ஆவுடைத்தாய் சிரிக்கப் பார்த்தாள், வயிறு வலித்து நிறுத்தினாள். "நான் ஒங்கள லேபர் ஆபீஸ் ஆளுன்னுல்ல நெனைச்சேன். நெசப் பேரைச் சொன்னா போர்மேன் வேலைய விட்டு நிப்பாட்டிருவாக."

"இதே ஆஸ்பத்திரிலயே பண்ணியிருப்பாங்க. தப்பே இல்லை. சட்டமே இருக்கு. போலீசுக்கெல்லாம் யாரும் சொல்ல மாட்டாங்க."

ஆவுடைத்தாய் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தாள்.

"இது ஒங்களுக்கு அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்."

"சரி" என்றாள் ஆவுடைத்தாய். பிறகு மகளிடம் செம்பை வாங்கித் தண்ணீர் குடித்தாள். அதற்கு மேல் அக்தர் பேகத்திடம் பேசவில்லை.

அடுத்த திங்கள்கிழமை அக்தர் பேகம் சீனிவாசகத்திடம் அந்த ஆங்கிலத் தாள்களைக் கேட்டு வாங்கினாள். அகராதியை வைத்துக்கொண்டு மூன்று நாள் வாசித்தாள். உள்ளே ஒரு பத்தி இருந்தது. ஏற்கெனவே கர்ப்பமாக இருப்பவள், சட்டப்படி கலைப்பதென்று முடிவெடுத்துவிட்டதைத் தெளிவாகச் சொல்லி, பத்திரமாக எங்கே செய்துகொள்ளலாம் என்று தானாகக் கேட்டால், பதில் சொல்வது மருத்துவ நெறி என்று பணியாளர் கருதினால், சொல்லலாம்.

அவள் தாளைச் சீனிவாசகத்தின் மேசையில் விரித்து, பத்தியின் மேல் விரலை வைத்தாள்.

"இது உங்களுக்குத் தெரியுமா சார்?"

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பார்க்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை என்பது தெரிந்தது.

"தெரியும்மா."

"அவ இதை அப்படியே சொன்னா சார். ஒரு வார்த்தை குறையாம சொன்னா. நீங்க நடிச்சுக் காட்டுனது இதுதான். சொல்லலாம்னு இருக்கிற இடத்தைக் காட்டித்தான் சொல்லாதன்னு பழக்கியிருக்கீங்க."

"முடிவு பண்ணிட்டேன்னு அவ முதல்ல சொன்னாளா, நம்ம கேட்டுச் சொன்னாளான்னு நாளைக்கு எவன் சாட்சி? ஒரு வரி தப்பா எழுதிட்டா எட்டுப் பேர் வேலை போகும். மாத்திரை வாங்குற மூவாயிரம் பொம்பளைக்கு மாத்திரை நிக்கும். அதான் ஒரே வார்த்தையில முடிச்சேன்." அவர் தாளை மடித்தார். "நான் பயந்தது உண்மை. அங்க இருக்கிறவன் நம்ம பயப்படுவோம்னு தெரிஞ்சுதான் அந்தப் பத்தியை எழுதியிருப்பான். அவன் கை சுத்தமா இருக்கும்."

அவள் வேலையை விடவில்லை. அத்தா விடச் சொன்னார். தஹ்மீனா ஏழாம் வகுப்புக்குப் போயிருந்தாள். விட்டால் அந்த இடத்துக்கு வேறொருத்தி வருவாள், அவளும் தெரியாது என்பாள் என்று அத்தாவிடம் சொன்னாள். அது பாதி உண்மை.

பெயர்களை எழுதினாள், நம்பவில்லை. அவள் அனுப்பிய எண்கள் சென்னைக்கும் டெல்லிக்கும் கடலுக்கு அப்பாலும் போய்க்கொண்டிருந்தன. காளிராஜ் கம்பெனி ஏழாம் அறையில் சொர்ணலட்சுமிக்கு இரண்டு குழந்தைகள் என்று ஓர் அந்நிய அரசாங்கத்தின் ஏதோ ஓர் அலமாரியில் பதிவாகியிருந்தது. அதை நினைக்கும்போது மட்டும் அவளுக்கு லேசாகச் சந்தோஷம் வந்தது.

எட்டு வருடத்தில் நான்கு பெண்கள் அவளிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். நான்கு பேருக்கும் பதில் சொன்னாள். பேரைக் கேட்கவில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரு மாதம் போல ஆபீஸ் கடிதத்தை எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். மாடிப்படியில் புதிய காலடி கேட்டால் எழுந்து பார்த்தாள். எதுவும் வரவில்லை.

இரண்டாயிரத்து ஒன்பதில் அந்த நாட்டில் மறுபடி தலைவர் மாறினார். அவரும் வந்ததும் ஒரு கையெழுத்திட்டார். மார்ச்சில் சீனிவாசகம் கூட்டம் போட்டார். வயது கூடியிருந்தது. டீயும் வடையும் வந்தன.

"இனிமே சொல்லலாம்மா" என்றார். "கேட்டாலும் சொல்லலாம், கேக்காட்டியும் சொல்லலாம்."

"எத்தனை நாளைக்கு சார்?"

"நாலு வருஷம் உறுதி. எட்டுன்னா நம்ம அதிர்ஷ்டம்."

"சோதிக்கிறதுக்கு ஆள் அனுப்புறாங்கன்னு சொன்னீங்களே. எத்தனை பேரை அனுப்பினாங்க?"

சீனிவாசகம் வடையைப் பிட்டார். "ஆள் அனுப்புறதா? அதுக்கெல்லாம் அவங்களுக்கு ஏதும்மா நேரம். யாரையும் அனுப்பலை."

அவள் டீயைக் குடிக்கவில்லை. மதிய பஸ்ஸில் ஏழாயிரம்பண்ணைக்குப் போனாள். காளிராஜ் கம்பெனியில் வேப்பமரம் இன்னும் இருந்தது. கருப்பணனும் இருந்தார். ஒரு பெண் கடைசியாக வந்து தூக்குவாளியைத் திறந்தாள். வெள்ளிப் பொடிக்கு உள்ளே இருபது வயதிருக்கும். ஆஸ்பத்திரியில் செம்பை வைத்திருந்த அதே விரல்கள். அம்மாவுக்கு அதற்கப்புறம் வேலை செய்ய முடியாமல் போனதையும், மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டில் தீப்பெட்டி ஒட்ட வைத்ததையும், பதினெட்டு முடிந்ததும் கம்பெனி வேனில் ஏற்றியதையும் அக்தர் பேகம் தெரிந்துவைத்திருந்தாள். போன வருடம் கல்யாணம் ஆனதும் தெரியும். மூன்று முறை வீட்டு வாசல்வரை போயிருக்கிறாள். ஆவுடைத்தாய் உள்ளே கூப்பிட்டதில்லை.

"பேரு என்னம்மா?" என்றாள், பழக்கத்தில்.

அந்தப் பெண் தயங்கவே இல்லை.

"சொர்ணலட்சுமி."

அக்தர் பேகம் பதிவேட்டை மூடிப் பைக்குள் வைத்தாள்.

"பேரு வேண்டாம். நான் சொல்றதை மட்டும் கேட்டுக்கோ. ஒருவேளை பிள்ளை வேண்டாம்னு ஆச்சுன்னா, பெரியாஸ்பத்திரில பண்ணுவாங்க. அது குத்தம் இல்லை, சட்டத்துல இருக்கு. போலீசுக்குப் போகாது. மூணு மாசத்துக்குள்ள போயிரணும். காலையில எட்டு மணிக்கே சீட்டுப் போடணும். புருஷன் கையெழுத்து கேட்டா, வேண்டியதில்லைன்னு சொல்லு. உன் கையெழுத்துப் போதும்."

அந்தப் பெண் சோற்றைப் பிசைவதை நிறுத்தியிருந்தாள். அக்தர் பேகத்தின் முகத்தை, செருப்பை, மூடிய பையைப் பார்த்தாள்.

"இதெல்லாம் எதுக்கு என்கிட்ட சொல்றீக? நான் கேட்டேனா?"

"கேக்கலை."

"யாரு ஒங்கள அனுப்புனது?"

அந்தப் பெண் தூக்குவாளியை மூடினாள். எழுந்து நேராகக் கருப்பணனிடம் போனாள், மரத்தடியைக் கையால் காட்டி ஏதோ சொன்னாள். கருப்பணன் பீடியைக் கீழே போட்டார். அந்த வளாகத்தில் பீடியே கூடாது. வெளிவாசலுக்கு அப்பால் நின்று பிடித்துக்கொண்டிருந்தார். கதவைத் திறந்துகொண்டு உள்ளே நடந்து வர ஆரம்பித்தார்.

வாசலிலிருந்து மரத்துக்கு நூறு அடி இருக்கும். அக்தர் பேகம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் பக்கம் திரும்பினாள். பெயரைக் கேட்காமல், முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். கருப்பணன் வந்து சேர்வதற்குள் சொல்லி முடித்துவிட்டாள்.